'ன'வைக் காணோம்!

சாரல் சீஸன் முடிஞ்ச கையோட, ஐந்தருவிப் பக்கம் பிளாஸ்டிக் பொறுக்க எங்க என்.எஸ்.எஸ். யூனிட் கிளம்பியது. 60 பேரோட பெயர்களையும் தமிழில் டைப் பண்ணி, அகர வரிசையாக்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினது அடியேன்தான். லினக்ஸில் ஒரே ஒரு கமாண்ட். செம கெத்து!

மறுநாள் காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆள் குறைச்சல். 'கன'ன்னு ஆரம்பிக்கிற பெயர்க்காரி. போன் பண்ணினா, "லிஸ்ட்லதான் என் பேரே இல்லையேண்ணா"ன்னு அழாத குறை.

அவ தேடினது கவிதாவுக்கு அப்புறம், காயத்ரிக்கு முன்னாடி. அகராதிப்படி அதுதான் சரி. 18 மெய்யில் 'ன்' கடைசி ஆச்சே! ஆனா அவ பேரு கமலாவுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.

ஏன்? யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்த எண்ணே 'ன'தான். 'ப', 'ம' எல்லாம் அதுக்கப்புறம். எந்த மொழி முறைப்படி வரிசைப்படுத்தணும்னு கமாண்டுக்குச் சொல்றது 'லொகேல்' செட்டிங். அது 'சி' என்று இருந்தால், அகராதியைப் பார்க்காது; வெறும் எண்ணைத்தான் பார்க்கும்.

என் லேப்டாப்பில் 'தமிழ் - இந்தியா'தான் வச்சிருந்தேன். ஆனா, வேகமா ஓடும்னு யாரோ சொன்னதை நம்பி, ஸ்கிரிப்ட் தலையில் 'எல்சி ஆல்' என்பதை 'சி' ஆக்கியிருந்தேன். 'லாங்' பொதுவான செட்டிங். 'எல்சி கொலேட்' வரிசைக்கு. 'எல்சி டைம்' தேதிக்கு. 'எல்சி ஆல்' வந்துட்டா இவங்க யார் பேச்சும் எடுபடாது!

இன்னொரு பள்ளமும் இருக்கு. நீங்க கேட்கிற லொகேல் மெஷினில் இல்லேன்னா, வரிசைப்படுத்துற கமாண்ட் சத்தமே போடாம 'சி'க்குத் தாவிடும். அதனால முதல்ல 'லொகேல்' கமாண்டோட 'மைனஸ் ஏ' சேர்த்து அடிச்சு, பட்டியலில் தமிழ் இருக்கான்னு பாருங்க. குனு லினக்ஸில் தமிழுக்கு இந்தியா, இலங்கைன்னு ரெண்டு லொகேல் உண்டு. டெபியன், உபுண்டுன்னா 'லொகேல் ஜென்' மூலமா உருவாக்கிக்கலாம். அப்புறம் 'கனகா', 'கமலா' ரெண்டையும் வரிசைப்படுத்துங்க. கமலா முதல்ல வந்தா, நீங்க பாஸ்!

லொகேல்னா மெனுவைத் தமிழில் காட்டுற அலங்காரம்னு நினைச்சிருந்தேன். ஒருத்தர் தன் பேரைத் தேடுற இடத்துல அது இருக்கணும்கிறதும் அந்த செட்டிங்தான் பாஸ்.

அடுத்த பஸ் பிடிச்சு அவ வந்து சேர்ந்துட்டா. தண்டனையா எனக்கு மட்டும் எக்ஸ்ட்ரா மூணு சாக்கு!