மாத்திரை மட்டும் காசத்தைத் தடுக்குமா?

சிங்காநல்லூர் லைன் வீடுகளிலும் சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சாளைகளிலும் குழந்தை இளைத்துப் போனால் தாய்மார்கள் முதலில் தேடுவது டானிக்கையும் சத்து மாத்திரையையும்தான். ஜீவசத்து ‘டி’ கொடுத்தால் காசநோய் அண்டாது என்ற பேச்சு இன்று அடிபடுகிறது. இது உண்மையா? கூலிக் காசை மருந்துக் கடையில் கொட்டுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்தப் பேச்சு வெறும் புரளியல்ல. வெயில் பட்டால் தோல் தானே உண்டாக்கிக்கொள்ளும் சத்து இது. ஒளிக்கதிரால் தோல் காசத்தைக் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் மீன் ஈரல் எண்ணெயும் வெயிலும்தான் காச நோயாளிகளுக்குக் கதி. எனவே விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தது நியாயமே.

மங்கோலியாவின் தலைநகரில் 8,851 பள்ளிக் குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தச் சத்து குறைவாகவே இருந்தது. ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் மூன்றாண்டுகள் ஜீவசத்து ‘டி’. மற்றதற்கு வெற்று மாத்திரை. 2020இல் முடிவு வந்தது. சத்து உண்டவர்களில் நூற்றுக்கு 3.6 பேருக்கும், உண்ணாதவர்களில் 3.3 பேருக்கும் காசக் கிருமி தொற்றியிருந்தது. பலன் ஏதுமில்லை! வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பங்கேற்று 2015இல் வெளியிட்ட ஆய்விலும், மருந்து உண்ணும் பெரியவர்களுக்கு இதைச் சேர்த்துக் கொடுத்ததால் சளியில் கிருமி விரைவாக மறையவில்லை. எலும்பு உறுதிக்கு இந்தச் சத்து அவசியம்தான். ஆனால் அது காசத்துக்குக் கவசமல்ல.

பின் எது கவசம்? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரு சோதனை நடந்தது. நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இவை கிடைக்காத வீடுகளோடு ஒப்பிட்டால், அந்த வீடுகளில் புதிதாகக் காசம் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும் சாதித்ததைப் பாருங்கள்!

இங்கிலாந்தில் பாப்வொர்த் என்ற குடியிருப்பில் 1918 முதல் காச நோயாளிகளுக்கு வேலையும் கூலியும் காற்றோட்டமுள்ள வீடும் கொடுத்தார்கள். பெற்றோர் நோயாளிகளாய் இருந்தும், அங்கே பிறந்த குழந்தைகளிடம் காசநோய் மிக மிகக் குறைவாகவே காணப்பட்டது.

இதன் பொருள் என்ன? குழந்தைக்குக் காசம் பெரும்பாலும் கூட வாழும் பெரியவரின் இருமலிலிருந்தே வருகிறது. ஜன்னலில்லாத ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். சம்பாதிப்பவர் படுத்தால் கூலி நிற்கும். கூலி நின்றால் குழந்தையின் தட்டு காலியாகும். காலி வயிற்றில் கிருமி வேரூன்றும்.

கோவையில் 1955இல் வந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், தகுதிபெற்ற தொழிலாளிக்குக் காசம் வந்தால் நூற்றுக்கு 80 பங்கு கூலி இரண்டாண்டு வரை உண்டு. ஆனால் கரும்பு வெட்டுபவருக்கு? பதிவேட்டில் பெயரில்லாத ஒப்பந்தக் கூலிக்கு? நோயாளிக்குச் சர்க்கார் தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ரூ.1,000. அதை வைத்து வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் எப்படிப் பசியாறுவது? 2024இல் வீட்டாருக்கும் உணவுப் பொட்டலம் என்றார்கள். அதுவும் தனவந்தர் தயவை நம்பியது. தயவு வேண்டாம், உரிமை வேண்டும்!

ஆகவே நாம் கோருவது இதுதான்: காச நோயாளி வீட்டின் ஒவ்வொருவருக்கும் ரேஷன் கடை வழியே கூடுதல் அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும். விவசாயத் தொழிலாளிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் நோய்க்காலக் கூலி. வீட்டுக்கு ஜன்னல்.

தாய்மார்களே! குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தாலும், எடை ஏறாவிட்டாலும் டானிக்கில் நாளைக் கடத்தாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்குக் காசம் என்றால், எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். நோயில்லாத குழந்தைக்கும் தடுப்பு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சங்கக் கூட்டங்களில் போனஸோடு குழந்தைகளின் சோற்றையும் கோரிக்கையாக்குவோம்!