கொட்டிக் குவித்தலும் காட்சிப்படுத்தலும்

வர்த்தகக் கண்காட்சிகளிலே சிறு உற்பத்தியாளரின் காட்சிக்கூடங்கள் எடுபடாமற் போவதற்குப் பணமின்மையே காரணம் என வாதிப்போர் நம்மிடையே உளர். வண்ண விளக்கும் ஒலிபெருக்கியும் வாங்க வசதியிருந்தால் கூட்டம் தானே வரும் என்பது அவர்தம் துணிபு. இக்கூற்று ஏற்புடையதன்று. நாற்பது கூடங்களில் ஒலிபெருக்கி முழங்கும்போது நாற்பத்தோராவது யார் காதில் விழப்போகின்றது? வருவோர் கண்டு செல்லவேண்டியது யாது என்பதைக் கூடத்தை அமைத்தவரே தீர்மானியாது விடுகின்றார். குறை அங்கேதான் உள்ளது.

1851 இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருட்கள் குவிக்கப்பட்டன. இன்று நினைவில் நிற்பது அவற்றைத் தாங்கிய பளிங்கு மாளிகையே. கோகினூர் வைரமும் அங்கிருந்தது. அது போதிய ஒளி வீசவில்லை எனப் பார்வையாளர் குறைகூறவே, சுற்றிலும் வாயு விளக்குகளை ஏற்றிப் பார்த்தனர். பயனில்லை. குறை பட்டை தீட்டலில் இருந்தது. 1852 இல் வைரம் மீளத் தீட்டப்பட்டது.

மூன்றாண்டுகளின் பின், 1854 இல், நியூயோர்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் செய்தது வேறு. தாம் உருவாக்கிய உயர்த்தியின் தட்டில் ஏறி, மக்கள் தலைகளுக்கு மேலே நின்று, அதனைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். தட்டு வீழவில்லை. அக்காலத்தில் உயர்த்தியைக் குறித்து மக்களுக்கிருந்த அச்சம் ஒன்றே. அதற்கு மட்டுமே அவர் விடை கூறினார்.

1927 இல் பெர்லினிலே ஜேர்மன் பட்டுத் துணிகளுக்காக லில்லி ரைக், மீஸ் வான் டெர் ரோ ஆகிய இருவரும் அமைத்த கூடம் இன்னும் நுட்பமானது. வளைந்த உலோகக் குழாய்களில் வெவ்வேறு உயரங்களில் தொங்கவிடப்பட்ட பட்டும் வெல்வெற்றுமே அங்கு சுவர்களாயின. வந்தோர் அவற்றிடையே அமர்ந்து கோப்பி அருந்தினர். விற்கவேண்டிய துணியே கட்டடமாகவும் அலங்காரமாகவும் நின்றது.

இவையெல்லாம் செல்வநாடுகளின் கதை, ஒன்பது சதுர மீற்றர் இடத்தில் சகல பொருட்களையும் வைத்தாலன்றோ நம்மவர்க்கு விற்பனையாகும் என்பர். விற்பனைக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிற்காதவன் வாங்குவதெங்ஙனம்?

யாழ்ப்பாணத்தில் ஒரு வர்த்தகச் சந்தையில் நான் கண்டதைக் கூறுகின்றேன். பனைசார் பொருட்கூடமொன்றில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் பெட்டிகளும் தொப்பிகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. ஓலை பின்னும் அம்மா அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்திருந்தார். பிற்பகல் வெக்கை தாளாது அவர் பாயை எடுத்து வந்து நடைபாதையோரம் இருந்து பின்னலானார். சற்று நேரத்தில் முப்பது பேரளவில் சூழ்ந்தனர். சிலர் தம் பிள்ளைகளை முன்னே தள்ளி அவர் விரல்களைப் பார்க்கச் செய்தனர். பெட்டிகள் விலைபோயின. அவ்வேளை ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, வழியை மறிக்கவேண்டாமென்று அவரை உள்ளே அனுப்பிவிட்டார்.