மீன்தொட்டிக்கு ஒரு பீடம்

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். பாரமில்லை என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. ஆயினும் பெரிய கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி வீட்டிற்குக் கொண்டுவரும் பலர், தண்ணீருக்குப் பாரமே இல்லை என்பதுபோலத்தான் நடந்துகொள்கின்றனர். வெறுந்தொட்டியை நால்வர் சேர்ந்து தூக்கிவிடலாம். ஆகவே விறாந்தையிற் கிடக்கும் பழைய மேசையே அதற்குப் போதும் எனத் தோன்றிவிடுகிறது. அந்த மேசை சுமக்க வேண்டியது கண்ணாடியை மட்டுமன்று, அதனுள் நிறையப்போகும் தண்ணீரையும் என்பதை அப்போது எவரும் நினைப்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். ஆறடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி. அதில் ஏறக்குறைய 680 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். எனவே தண்ணீர் மட்டும் 680 கிலோ. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியானால் அது 120 கிலோவுக்குக் குறையாது. அடியிற் பரப்பும் மணலையும் அழகுக்கு வைக்கும் கல்லையும் சேர்த்தால் 900 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, பதினெட்டுச் சீமெந்து மூடைகளை ஒரு மேசையின்மேல் அடுக்கிவைப்பதற்கு ஒப்பாகும். அம்மூடைகளை அடுத்த நாளே இறக்கிவிடலாம். தொட்டியோ ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் அவ்விடத்திலேயே அமர்ந்திருக்கும். ஒரு நாட் சுமைக்கு வளையாத பலகை, ஓயாத சுமைக்குச் சிறிது சிறிதாக வளைந்துகொண்டே போகும்.

தண்ணீர் கட்டவிழ்ந்தால் என்னவாகும் என்பதை உலகம் 2022 டிசம்பர் 16 ஆம் நாள் பேர்லின் நகரிற் கண்டது. அங்கே ஒரு விருந்தினர் விடுதியின் முற்கூடத்தில் நின்ற, ஏறக்குறைய பத்து இலட்சம் லீற்றர் கொண்ட வட்டத் தொட்டி விடியற்காலையில் வெடித்தது. அதில் வாழ்ந்த சுமார் 1500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை மாண்டன, இருவர் காயமுற்றனர். பகல் வேளையாயிருந்தால் அக்கூடத்தில் எத்தனை குழந்தைகள் நின்றிருப்பார்கள்! நம் வீட்டுத் தொட்டி அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனால் நம் வீட்டுக் குழந்தை, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அத்தொட்டியருகிலேதான் நிற்கிறது.

பாரத்தைத் தாங்குவது எப்படியென்று அறிய நாம் பேர்லின்வரை போக வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடல் நடுவே நிற்கும் கோட்டையைப் பார்த்தாலே போதும். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றி, பன்றித் தொடையின் குதி என்னும் பொருள்பட அம்மன்கீல் எனப் பெயரிட்டனர். அதன் மதில்மேடையின் கீழே வெற்றிடம் இருந்தது. அவ்வெற்றிடத்தை மூடிய தளம் மரத் தீராந்திகளின்மேல் தங்கியிருந்தது. (நம் தச்சர் வாயில் வழங்கும் 'தீராந்தி' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றதுதான்.) மரம் உக்கினால் மேற்றளம் இடிந்துவிழும் என்று கண்ட ஒல்லாந்தர், தீராந்திகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் கல்வளைவு எழுப்பினர். கோட்டையின் வடபுறத்தில் நன்னீர்த் தொட்டியொன்றையும் நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டினர். உப்புக்காற்று ஓயாத தீவில் எது நிலைக்கும், எது நிலையாது என்பதை அறிந்தே அவர்கள் அவ்வேலையைச் செய்தனர்.

அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. பீடத்தின் வலிமை அதிற் செலவிட்ட மரத்தின் அளவில் இல்லை. சுமை தடையின்றி மண்ணைச் சேரும் வழியில் இருக்கிறது. தொட்டியின் பாரம் மேற்பலகையில் இறங்குகிறது. பலகையிலிருந்து விட்டத்துக்கும், விட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து நிலத்துக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மரம் மற்றொரு மரத்தின் தலைமேல் நேராக அமர்ந்திருத்தல் வேண்டும். விட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து நான்கு ஆணி அறைந்துவிட்டால், 900 கிலோவையும் அந்த ஆணிகளே சுமக்கின்றன. காலின் தலையில் விட்டத்தை ஏற்றி வைத்தாலோ, ஆணிக்கு வேலையே இல்லை. மரம் விலகாமற் பிடித்துக்கொள்வதொன்றே அதன் கடமை. நெடுந்தீவில் சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே கல்லின்மேற் கல் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, விட்டத்தை வைக்கும் முறை. மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு புத்தகங்களுக்கிடையே அடிமட்டத்தைக் கிடையாக வைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள். அது வில்லாக வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. மரம் அதே மரந்தான். வைத்த நிலையே வேறு. நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குல மரத்தைப் படுக்கவைப்பதைவிட நிறுத்திவைத்தால் வளையாமை நான்கு மடங்காகும். தாங்கும் இடங்களின் இடைத்தூரமும் பெரிதும் கவனிக்கத்தக்கது. ஆறடி விட்டத்துக்கு நடுவே இன்னொரு காலை நிறுத்தி, மூன்று மூன்று அடியாகப் பிரித்துவிட்டால், வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடித்த மரம் தேடி அலைவதிலும் நடுவில் ஒரு கால் வைப்பது இலாபம்.

மேலிருந்து வரும் பாரத்துக்கு மட்டும் அணியமாயிருந்தாற் போதாது. ஓடிவரும் சிறுவன் மோதலாம். வீடு கூட்டுபவர் தொட்டியைச் சற்றே தள்ளலாம். நான்கு மரங்களால் ஆன சதுரம், பக்கத்திலிருந்து தள்ளினாற் சரிந்துவிடும். அதன் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டத்தை இட்டு முக்கோணமாக்கினாற் சரியாது. பீடத்தின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் இவ்வாறு குறுக்குச் சட்டம் இடவேண்டும், அல்லது நல்ல ஒட்டுப்பலகையால் முழுவதும் அடைத்துவிட வேண்டும். முன்புறத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பொருளாற் செய்வது? இரும்புச் சட்டம் பட்டணத்துக்கு நல்லது. சோளகக் காற்று உப்பை அள்ளிவந்து கொட்டும் நம் தீவுகளில், தொட்டியின் ஈரமும் சேர்ந்துகொள்ளுமானால், ஒட்டுவைத்த மூலைகளிலிருந்தே துரு தொடங்கிவிடும். ஆண்டுதோறும் சுரண்டி வர்ணம் பூசும் பொறுமை உள்ளவர்களே இரும்பை நாடலாம்.

பனைமரம் நம் சொந்தச் செல்வம். பனையின் வலிமை புறத்தே உள்ள கரிய வைரத்தில் இருக்கிறது. நடுப்பகுதியோ சோறுபோல மென்மையானது. ஆகவே வைரமேறிய முதிர்மரத்தையே கொள்ள வேண்டும். இதற்கென்று நிற்கும் பனையைத் தறிக்க வேண்டியதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வளைகளிற் பழுதற்றவற்றைத் தெரிந்தெடுத்தாற் போதும். பனை நார்வழியே பிளக்கும் இயல்புடையதாகையால், முன்னரே துளையிட்டுப் பின்னரே ஆணியோ மரையாணியோ செலுத்துக. காலின் அடியைக் கறையானுக்கு எட்டாதபடி கல்லின்மேல் நிறுத்துக.

இவை எல்லாவற்றினும் எமக்கு உவப்பானது சீமெந்துக் கற்பீடமே. இரண்டடி நீளமும் ஆறங்குலத் தடிப்பும் உள்ள மூன்று குறுஞ்சுவர்களை, இரு முனையிலும் நடுவிலுமாகக் கட்டி, பின்புறத்தில் நெடுஞ்சுவர் ஒன்றால் இணைத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் மூன்று பல்லுள்ள சீப்பைப்போலத் தோன்றும். அதன்மேற் கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தட்டை வார்க்கலாம். கலவையிற் கடல் மணலும் உவர்நீரும் சேரவே கூடாது. சேர்ந்தால் உள்ளேயுள்ள கம்பி துருவேறிப் பருத்துத் தட்டையே பிளந்துவிடும். வார்த்தபின் குறைந்தது ஒரு கிழமை நனைத்து வைத்து, 28 நாள் கழித்தே பாரம் ஏற்ற வேண்டும்.

கற்பீடத்தால் நிலத்துக்கும் நன்மையுண்டு. இரண்டு அங்குலச் சதுரமான நான்கு மரக்கால்களில் 900 கிலோவை ஏற்றினால், நிலத்தின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 56 கிலோ அழுத்தும். மணல் நிரவி மேலே சீமெந்து பூசிய நிலம் அதைப் பொறுப்பது அரிது. அதே பாரம் அக்குறுஞ்சுவர்கள் மூன்றின்மேற் பரவினால், சதுர அங்குலத்துக்கு இரண்டு கிலோவே வரும். மரக்கால் வைப்போர் அவற்றின் கீழே நீளமான சட்டத்தையாவது கிடத்துதல் வேண்டும்.

கடைசியாக மட்டம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடுவதில்லை, நாற்காலி ஆடும். நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லையானால், தொட்டி முறுக்குண்டு அதன் ஒட்டு விடும். மேசன்மார் பயன்படுத்தும் நீர் நிரப்பிய தெளிந்த குழாயாலே நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டமில்லாத தொட்டியானால், அடியில் முழுவதும் அரை அங்குல ரெஜிபோம் விரித்தல் நன்று. அடியிற் சட்டம் பூட்டிய தொட்டி விளிம்பில் நிற்பதால், அதற்கு இது வேண்டியதில்லை. பின்னர் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும் ஊற்றி, நான்கு மூலைகளிலும் நீர்மட்டத்திலிருந்து மேல்விளிம்புவரை அளந்து பாருங்கள். அளவு ஒத்திருந்தால் காற்பங்கு நிரப்பி ஒருநாள் விடுக. அதன் பின்னும் படிப்படியாகவே நிரப்புக. நிறைந்தபின் இரண்டு நாள் கழித்து மீன் விடலாம்.

இவ்வளவும் சொல்லியபின் ஒன்றைச் சொல்லாது விடுவது முறையன்று. கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றுவதானாற் கூட, 170 லீற்றர் நன்னீர் வேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நன்னீர் எவ்வளவு அருமையானது என்பதை அங்குள்ளோர் அறிவர். வாடைக்காற்றோடு வரும் மாரி மழையைச் சேமிக்க இடமுள்ள வீட்டாரே ஆறடித் தொட்டியை நினைக்கலாம். மற்றையோர்க்கு இரண்டடித் தொட்டியே அழகு. மாற்றும் நீரையும் வீணே கொட்டாது வாழையடியில் விடுக. மீனின் கழிவு அதற்கு நல்ல உரம்.

பீடத்தை யாரும் பார்ப்பதில்லை. விருந்தினர் புகழ்வது மீனைத்தான். அதனாலேதான் பீடத்திற் பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கத் தோன்றுகிறது. தொட்டி வாங்கும் எண்ணமுள்ளவர்கள் முதலிற் பீடத்தைச் செய்து முடிக்கட்டும். பதினெட்டுச் சீமெந்து மூடைகளை அதன்மேல் அடுக்கி ஒரு கிழமை விட்டுப் பார்க்கட்டும். வளையாமலும் ஆடாமலும் நின்றால், தொட்டியை வாங்கப் புறப்படலாம்.