அருவி இருக்க நீர்வீழ்ச்சி எதற்கு?

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், தலவாக்கலையை அடையும் முன்பே இரண்டு அருவிகளைக் காணலாம். முதலில் 97 மீற்றர் உயரமான டெவோன். அடுத்து 80 மீற்றர் உயரமான சென்கிளயர். ஒன்றுக்கு ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயர். மற்றதற்குத் தோட்டத்தின் பெயர். இரண்டையும் எமது பத்திரிகைகள் 'நீர்வீழ்ச்சி' என்றே எழுதி வருகின்றன.

இச்சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து தமிழாக்கியது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. குறிஞ்சித் திணையின் கருப்பொருளான அருவி, சங்கப் பாடல்களில் ஓயாது ஒலிக்கிறது. குற்றாலத்தில் இன்றும் ஐந்தருவி, தேனருவி, புலியருவிதான். மலையகத்தாரின் முன்னோரில் பலர் அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கங்களிலிருந்தும் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள். சிங்களவர் 'எல்ல' என்ற தம் சொல்லை விடவில்லை. பதுளை மாவட்டத்தில் ஓர் ஊருக்கே அதுதான் பெயர். இதில் இன்னொரு வேடிக்கை. அநுராதபுரத்தைக் கடந்து மன்னாரில் கடலைச் சேரும் மல்வத்து ஓயாவைத் தமிழர் அருவி ஆறு என்கிறோம். சமவெளியில் ஊரும் ஆற்றுக்கு அருவி. மலையிலிருந்து குதிக்கும் நீருக்கு வீழ்ச்சி!

வீழ்ச்சி என்பது பத்திரிகைக்காரருக்கு நன்கு பழகிய சொல். தேயிலை விலை வீழ்ச்சி, ரூபாவின் வீழ்ச்சி, ஆட்சியின் வீழ்ச்சி. கெட்டது நடந்தால் எழுதுகிற சொல்லை மலையகத்தின் அழகுக்கும் ஏன் சூட்ட வேண்டும்? ஒற்றைப் பத்தித் தலைப்புக்கு இடம் தேடித் தவிக்கும் உதவி ஆசிரியருக்கும் ஆறெழுத்தைவிட மூன்றெழுத்து வசதிதானே.

சென்கிளயருக்கு மட்டும் அந்தச் சொல் வேறொரு வகையில் பொருந்திவிட்டது. 'இலங்கையின் குட்டி நயாகரா' எனப்பட்ட அதன் நீரை, 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் தலவாக்கலையில் மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே கொண்டு செல்கிறது. பகலில் ஓரளவு நீரைத் திறந்துவிட வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அளந்து திறக்கும் நீரைச் சுற்றுலாப் பயணி படம்பிடித்துப் போகலாம். பழைய சென்கிளயரைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு அது போதுமா?

பாடநூல் எழுதுவோரும் பத்திரிகை ஆசிரியர்களும் 'சென்கிளயர் அருவி', 'இறம்பொடை அருவி' என்று எழுதிப் பார்க்கட்டும். அதற்குச் சட்டமும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.