வரைபடத்தில் இல்லாத வீடுகள்

வீட்டு வரைபடத்தைச் சரிபார்த்து அனுமதிக்குப் பரிந்துரைக்கும் அலுவலரை ஊரில் பலருக்கும் தெரியாது. நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளர் என்று ஒரு மேசை இருக்கும். மனையின் அளவு, நான்கு பக்கமும் விட வேண்டிய திறந்தவெளி, சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றை விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வேலை. 'பிளான் அப்ரூவல்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கையூட்டுதான். ஆனால் அந்த மேசையின் வேலை உயிர் காக்கும் வேலை. கோவை மாவட்டத்தில் இதை நாம் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம்.

2019 டிசம்பர் 2 அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில், இரவெல்லாம் பெய்த மழையில், தனியார் வீடு ஒன்றின் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து தலித் குடியிருப்பின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக அப்பகுதி மக்கள் கூறினர். உரிமையாளர் கைதானார், பின்னர் பிணையில் வந்தார்.

அது தீண்டாமைச் சுவரா, வெறும் பாதுகாப்புச் சுவரா என்று நீண்ட நாள் விவாதம் நடந்தது. அதைத் தீண்டாமைச் சுவர் என்றே நாம் சொல்கிறோம். ஆனால் வரைபடம் பார்க்கும் அலுவலர் அந்த விவாதத்துக்குள் போகவே தேவையில்லை. சுவர் எவ்வளவு உயரம், அடித்தளம் எவ்வளவு ஆழம், உட்புறத்தில் தேங்கும் தண்ணீர் வடிய வழி உண்டா, சரிந்தால் யார் மேல் விழும்? இந்த நான்கு கேள்விகளையும் ஒருவர் நேரில் வந்து கேட்டிருந்தால் போதும். சாதியைப் பார்க்க வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும்.

ஏன் பார்ப்பதில்லை? வரைபடம் மனையின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் ஒரு சர்வே எண் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அங்கே ஓட்டு வீடுகள் இருப்பதையும், அவை பள்ளத்தில் இருப்பதையும், சுவரை ஒட்டிப் பிள்ளைகள் படுத்துறங்குவதையும் எந்தக் கோடும் காட்டாது. களத்துக்கு வந்தால் மட்டுமே அது தெரியும்.

அந்தக் கள ஆய்வு இப்போது இன்னும் குறைகிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்றளித்து இணையத்தில் உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் அதை வரவேற்கிறோம். ஆனால் சின்ன மனையிலும் உயரமான சுவர் எழுப்ப முடியும். தன் சுவர் அடுத்தவர் கூரைக்கு ஆபத்து என்று யார் தானாகச் சான்றளிப்பார்?

இந்த எளிய வழியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. விண்ணப்பிக்கப் பட்டா வேண்டும். கூட்டுப் பட்டாவிலும் புறம்போக்கிலும் தலைமுறையாகக் குடியிருக்கும் காலனி மக்கள் ஓர் அறை கூடுதலாகக் கட்டினாலும் அது அனுமதியற்ற கட்டுமானம். அவர்கள் தலைக்கு மேல் எழும் சுவரைக் கேட்க ஆளில்லை. சட்டத்தின் கண் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக இருப்பது நீதியாகாது.

நமது கோரிக்கைகள் மூன்று. ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டிய மனைகளில் சுற்றுச்சுவர் எழுப்ப, சுயசான்று இருந்தாலும், கள ஆய்வு கட்டாயமாக வேண்டும். ஏற்கெனவே நிற்கும் உயரமான சுவர்களை ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பார்வையிட்டு, பட்டியலை நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். இடியும் நிலையிலுள்ள கட்டுமானத்தை அகற்றச் சொல்லி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரம் உள்ளாட்சிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

காலனித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் விரிசலோ சாய்வோ கண்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். படம் எடுத்து, மனுவாக எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நாளை 'எங்களுக்குத் தெரியாது' என்று எந்த அலுவலரும் சொல்ல முடியாதபடி அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.