பீட்ரூட்டை அரைச்சா அது இயற்கை ஓவியமா?

போன மார்ச் மாசம் நம்ம ஃபெஸ்ட்டில் ‘இயற்கை வண்ண ஓவியப் போட்டி’ன்னு ஒண்ணு நடந்தது, ஞாபகம் இருக்கா? அதில் எனக்கு மூன்றாம் பரிசு. பீட்ரூட் சாற்றில் சிவந்த வானம், பசலைக்கீரையில் பச்சை மலை, மஞ்சள் தூளில் ஒரு சூரியன். தலைப்பு: ‘காடு’. சான்றிதழ் இன்னும் என் ஹாஸ்டல் அலமாரியில் இருக்கிறது. ஓவியம்தான் இல்லை. ஜன்னல் பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் சூரியன் காணாமல் போனது. அடுத்து வானம் டீக்கறை நிறத்துக்கு வந்தது. மலையில் எறும்பு ஏறியது. ரூம்மேட் கழற்றிக் குப்பையில் போட்டான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் நான் எழுத வந்தது அந்த ஓவியம் போன கதையை அல்ல. போட்டி நடந்த அதே வாரம்தான் மெக் பிளாக்குக்குப் பின்னாடி இருந்த புதர்க்காட்டில் பாதியை ஜேசிபி வைத்து வழித்தார்கள். பார்க்கிங்குக்காக. நாம் ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்து, எங்கிருந்தோ லாரியில் வந்த பீட்ரூட்டை மிக்ஸியில் அடித்துக் ‘காடு’ வரைந்துகொண்டிருந்தோம். ஜேசிபி சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.

அதனால் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். காய்கறிக் கடையில் வாங்கி வந்து வரைந்தால் அது ‘இயற்கை ஓவியம்’ ஆகாது. சாப்பிடுகிற பொருளை வீணாக்கினோம், அவ்வளவுதான். செடியிலிருந்து நிறம் எடுப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கணும்னா, அந்த நிறம் நீங்க தினமும் நடக்கிற மண்ணிலிருந்து வரணும். அந்தச் செடி பேர் உங்களுக்குத் தெரியணும். அது எப்ப பூக்கும், எப்ப உதிரும்னு தெரியணும். கலர் அதுக்கு அப்புறம்.

எனக்கு இது புரிந்தது தோட்ட வேலை பார்க்கிற அக்கா ஒருத்தர் மூலமாக. ஜேசிபி போன மறுநாள் அவங்க விறகுக்குத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாங்க. ஒரு துண்டின் வெட்டுவாய் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது, பெயின்ட் அடித்த மாதிரி. “இது என்னக்கா மரம்?”னு கேட்டேன். “மஞ்சணத்தி தம்பி. நுணான்னும் சொல்லுவோம். எங்க தாத்தா இதுலதான் மாட்டுக்கு நுகத்தடி செதுக்குவாரு, கனம் இருக்காது”ன்னாங்க. பேரிலேயே மஞ்சள் இருக்கிறது, பாருங்க. நாலு செமஸ்டர் அந்த மரத்தடியில் வண்டி நிறுத்தியிருக்கிறேன். வெட்டின பிறகுதான் அதுக்கு உள்ளே நிறம் இருப்பது தெரிந்தது.

நுணா இனத்து மரங்களின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு காலத்தில் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேர் என்கிற சிறு செடிதான் சோழமண்டலத் துணிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சிவப்பு. நீலத்துக்கு அவுரி. இதெல்லாம் ஏன் மறைந்தது என்பதற்கு விடை நம்ம கெமிஸ்ட்ரி வரலாற்றிலேயே இருக்கிறது. 1856இல் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் செய்துவிட்டான். நம்மை விடச் சின்னப் பையன்! 1868இல் ஜெர்மனியில் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். சாயவேருக்குச் சிவப்பைத் தருவது அதே அலிசரின்தான். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயம் எடுக்கவென்று விளைவித்த செடிகள் நாற்பது வருஷத்தில் மதிப்பு இழந்தன.

இதைப் படித்துவிட்டு ‘ஐயோ அந்தக் காலம்’னு யாரும் உருக வேண்டாம். இயற்கைச் சாயம் என்றாலே நல்லது என்பது பொய். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதே அவுரியால்தான். இருபதில் மூன்று பங்கு நிலத்தில் கட்டாயமாக அவுரி போடணும்னு விவசாயிகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இலை இயற்கையானதுதான், பிடுங்கின விதம்தான் கொடுமை. இன்றைக்கும் ‘நேச்சுரல் டை’ வீடியோக்களில் மயில்துத்தம் போடச் சொல்கிறார்கள். அது காப்பர் சல்ஃபேட். அந்தத் தண்ணீரை ஏரியில் ஊற்றினால் மீனுக்கு அது இயற்கையா செயற்கையா என்று தெரியாது. படிகாரமும் இரும்பும் போதும், அதுக்கு மேல் போகாதீங்க.

இன்னொரு பொய்யும் இருக்கு. சித்தன்னவாசல் டூர் போனப்ப பஸ்ஸில் எல்லாருமே சொன்னோம்: “பச்சிலை மூலிகையில வரைஞ்சது, ஆயிரம் வருஷம் நிக்குது.” அங்கே நிற்பது பெரும்பாலும் மண்ணும் கல்லும். காவிக்கல், மஞ்சள் காவி, பச்சை மண், சுண்ணாம்பு, கரி. தாது நிறங்கள் நிற்கும். இலைச் சாறு நிற்காது. வெயில் பட்டால் அதன் மூலக்கூறு உடையும். மஞ்சளில் இருக்கிற குர்குமினுக்கு நம்ம ஊர் வெயில் ஒரு பகல் போதும். ஆகவே செடி நிறத்தில் வரைகிறவர் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது: இது போகும்.

போகட்டுமே. போவதையே வேலையாக மாற்ற முடியும் என்பதுதான் இந்த ஆறு மாசத்தில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி பூச்சாறு தடவின காகிதத்தை வெயிலில் வைத்துப் படம் எடுத்தார். கேமரா கிடையாது. ஆன்தோடைப் என்று பேர். நான் செய்தது இப்படி. மஞ்சள் தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததை மட்டும் வரைபடத் தாளில் பூசி, ஃபேனை நிறுத்திவிட்டு இருட்டு ரூமில் காயவைத்தேன். (ஸ்பிரிட் தீப்பற்றும். பக்கத்தில் இண்டக்‌ஷன் ஸ்டவ்வில் மேகி போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீங்க.) மேலே ஒரு ஆவாரம் இலைக்கொத்தை வைத்து, போட்டோ ஃபிரேம் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடியில் வைத்தேன். காலை பத்திலிருந்து மூணு மணி வரை. எடுத்துப் பார்த்தால், வெயில் பட்ட இடமெல்லாம் வெளிறி, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. அதைச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கினால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே வேதியியல். ஒவ்வொரு சிற்றிலையும் காம்போடு தெரிந்தது. அந்த ஆவாரை இப்ப அங்கே இல்லை. படம் என் டிராயிங் ஃபைலுக்குள் இருட்டில் இருக்கிறது. பார்க்கணும்னா வாங்க, சீக்கிரம் பார்த்துட்டு மூடிடணும்.

எல்லாமே போய்விடும் என்றும் இல்லை. கருவேலங்காயை (சீமைக் கருவேலம் இல்லை, நாட்டுக் கருவேலம், காய் மணிமணியாகக் கோர்த்த மாதிரி இருக்கும்) நசுக்கி வேகவைத்தால் துவர்ப்பான பழுப்புச் சாறு வரும். அதில் இருப்பது டானின். வொர்க்‌ஷாப் ஸ்கிராப்பில் கிடந்த துருப்பிடித்த போல்ட்டுகளை வெல்லத் தண்ணீரில் ரெண்டு வாரம் ஊறவைத்தேன். நாற்றம் தாங்காமல் வார்டன் வரைக்கும் விஷயம் போனது, அது தனிக்கதை. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் இந்தச் சாற்றில் ஊற்றினால், கண் முன்னாலேயே கறுக்கும். கலம்காரித் துணிகளில் கறுப்பு பிறப்பது இதே வழியில்தான். இரும்பும் வெல்லமும் புளிக்க, கடுக்காய் ஏற்றிய துணி அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த மையில் எழுதின என் ஏப்ரல் மாத நோட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. மெக் பசங்களே, துரு உங்களுக்கு வெறும் கரோஷன் யூனிட்டில் வரும் அஞ்சு மார்க் இல்லை.

சாயத்துக்கும் வண்ணப்பொடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மூன்று தோல்விக்கு அப்புறம்தான் தெரிந்தது. சாயம் தண்ணீரில் கரையும், காகிதத்தில் ஊறிப் போகும், தடித்து நிற்காது. அதைப் பொடியாக்க ஒரு வழி இருக்கிறது. வர்ற ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் போடுகிற செண்டுமல்லி மாலை மறுநாள் குப்பைக்குத்தானே போகும்? இதழ்களைக் கொதிக்கவைத்து வடிகட்டி, சூட்டோடு படிகாரம் கரைத்து, பிறகு சலவை சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடணும். நுரை பொங்கும், பெரிய பாத்திரமா வைங்க. நிறம் அலுமினியத்தோடு சேர்ந்து கீழே படியும். வடிகட்டி, காயவைத்து, அரைத்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தால் வாட்டர்கலர். செண்டுமல்லியும் கடையில் வாங்கினதுதானே என்று நீங்க மடக்கலாம். வாங்கினது பூஜைக்கு, நாம் எடுப்பது குப்பையிலிருந்து. என் கணக்கில் அது சரி.

சங்குப்பூதான் என்னை ஏமாற்றியது. எலுமிச்சை விட்டு அழகான ரோஸ் நிறம் செய்து A4 தாளில் பூசினேன். காய்ந்தபோது நீலம் கலந்த சாம்பல். தாளில் நிரப்பியாகச் சுண்ணாம்புச்சத்து சேர்க்கிறார்கள், அது அமிலத்தைத் தின்றுவிட்டது. நிறம் செடியில் மட்டும் இல்லை, தாளிலும் தண்ணீரிலும் இருக்கிறது. ஹாஸ்டல் போர் தண்ணீரில் ஒரு நிறம், கேன் தண்ணீரில் வேறு நிறம். லேபில் பி.எச். பேப்பர் வைத்து ரீடிங் எழுதினபோது வராத புரிதல் இது.

“இதெல்லாம் சின்னப்பசங்க விளையாட்டு, கூடவே கொஞ்சம் சீன்”னு என் கிளாஸ்மேட் ஒருத்தி முகத்துக்கு நேரா சொன்னாள். பாதி உண்மை. நான் ரெண்டு படத்தை ஸ்டேட்டஸ் போட்டு ஹார்ட் வாங்கினவன்தான். ஆனால் சின்னப்பசங்க விளையாட்டு என்பதில் அவமானம் என்ன இருக்கு? தேக்குக் கொழுந்தைக் கசக்கினால் கை சிவக்கும் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசின தலைமுறை நம்ம வீட்டிலேயே இருக்கு, அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. எங்க அப்பாவிடம் போனில் கேட்டேன். மார்க் பத்தி மட்டுமே பேசுகிற மனுஷர், இருபது நிமிஷம் கோவைக்கொடி எந்த வேலியில் இருந்தது, பூச யாருடைய முறை வந்தது என்று பேசினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பின்னாடி மீதிப் பாதிப் புதரும் இந்த வருஷக் கடைசிக்குள் போகப்போகிறது. சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் பிளானைப் பார்த்திருக்கிறான். அந்த இடத்தில் ‘காலி இடம்’ என்று எழுதியிருக்கிறதாம். காலி இடமா? நானும் இன்னும் ரெண்டு பேரும் அங்கே இதுவரை நிறம் தரும் பதினொரு செடிகளைப் பார்த்துவிட்டோம்: நுணா, ஆவாரை, கருவேலம், கோவை, கரிசலாங்கண்ணி, வேலியோரம் தானாக முளைத்த அவுரி, நாவல், சங்குப்பூ, மருதாணி, ஒரு பூவரசு, பேர் கண்டுபிடிக்க முடியாத ஒரு கொடி. அந்தக் கொடிக்குப் பேர் தெரிந்தால் சொல்லுங்க, அக்காவுக்கும் தெரியலை.

பார்க்கிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வண்டி இருக்கு. ஆனால் நிர்வாகத்திடம் ‘மரங்களைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் அது போஸ்டர் வாசகம். ‘இந்த இடத்தில் இந்த நுணா நிற்கிறது, இது இந்த நிறம் தரும், இந்தத் தாளில் இருப்பது அதுதான்’ என்று கொண்டுபோய் மேஜையில் வைத்தால், பிளானில் ‘காலி’ என்று எழுதினவர் ஒரு நிமிஷமாவது தாளைப் பார்ப்பார். ஆகவே பதினொன்றுக்கும் ஒவ்வொரு நிறக்கட்டம் போட்டு, பேரும் இடமும் எழுதி ஒரு அட்டவணை தயாரிக்கிறோம். நான்கு கட்டம் முடிந்திருக்கிறது. நாவல் பழ சீசன் முடிந்துவிட்டதால் இலையை வைத்துத்தான் சமாளிக்கணும்.

விதி ஒண்ணே ஒண்ணுதான். உதிர்ந்ததை எடுக்கலாம், பறிக்கிறதா இருந்தா ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது. வேரைத் தொடவே கூடாது. நுணா வேரில் சிவப்பு இருக்கு என்பதற்காகத் தோண்டினால் நமக்கும் ஜேசிபிக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் எங்கள் அட்டவணையில் நுணாவுக்குச் சிவப்பு இருக்காது, மார்ச்சில் வெட்டிப்போட்ட துண்டிலிருந்து எடுத்த மஞ்சள் மட்டும்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஹாஸ்டல் கேட் பிள்ளையார் கோயில் பக்கம் வாங்க. அங்கே இருக்கிற பவளமல்லி இப்பப் பூக்க ஆரம்பிச்சிருக்கு. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் உதிர்த்துடும், ஏழு மணிக்கு அக்கா பெருக்கிடுவாங்க. அந்த அரை மணி நேரத்தில் பூவைப் பொறுக்கி, ஆரஞ்சுக் காம்பை மட்டும் கிள்ளி எடுக்கணும். ஒரு டம்ளர் சாயத்துக்கு நிறையக் காம்பு வேணும், மூணு பேரால் முடியலை.