கம்ப்யூட்டர் எண்ணாத வாசகர்கள்

'கம்ப்யூட்டர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் புத்தகம் வெளியிடலாம்' என்ற வாசகத்தை விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் எழுதும் ஆசை உள்ளவர்கள் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர்கள் 1990களில் தங்கள் நாவல்களை எப்படி விற்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இந்தக் கதையில் கம்ப்யூட்டர் இரண்டு வேஷத்தில் வருகிறது. ஒன்று உதவி செய்யும் வேஷம். இன்னொன்று கண்ணை மூடிக்கொள்ளும் வேஷம்.

முதலில் ஈ. லின் ஹாரிஸ் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் ஐ.பி.எம். போன்ற நிறுவனங்களில் கம்ப்யூட்டர் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு 'இன்விசிபிள் லைஃப்' என்ற நாவலை எழுதினார். ஒரு கறுப்பின இளைஞன் ஓரினச் சேர்க்கை விருப்பத்தை மறைத்து வாழும் கதை அது. எந்தப் பதிப்பகமும் வாங்கவில்லை. 1991ல் சொந்தப் பணம் போட்டு அச்சடித்தார். பிறகு அட்லாண்டா நகரில் கார் டிக்கியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு அழகு நிலையம் அழகு நிலையமாகப் போனார். தலைமுடி அலங்காரத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் படிக்க ஏதாவது தேடுவார்கள் அல்லவா? அவர்கள்தான் அவருடைய முதல் வாசகர்கள். 1994ல் ஒரு பெரிய பதிப்பகம் அதே நாவலை மறுபடி வெளியிட்டது. 2009ல் ஹாரிஸ் காலமானபோது அவருடைய புத்தகங்கள் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருந்தன.

கம்ப்யூட்டர் விற்றவர்தான். ஆனால் புத்தகத்தை விற்றுத் தந்தது கார் டிக்கி!

ஹாரிஸ் எழுதியது நடுத்தர வர்க்கத்தின் கதை. 'அர்பன் பிக்ஷன்' அல்லது 'ஸ்ட்ரீட் லிட்' என்று சொல்லப்படும் நாவல்கள் வேறு ரகம். நகரத்தின் ஏழைப் பகுதிகள், போதை மருந்து வியாபாரம், சிறை, காதல், துரோகம் எல்லாம் அதில் வரும். இதற்கு முன்னோடிகள் 1960களின் கடைசியில் எழுதத் தொடங்கிய ஐஸ்பெர்க் ஸ்லிம், டெட்ராய்ட் நகரத்தின் டொனால்ட் கோயின்ஸ் ஆகியோர். கோயின்ஸ் சிறையில் இருந்தபோது எழுத ஆரம்பித்தார். சில வருடங்களுக்குள் 16 நாவல்கள் எழுதி, 1974ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு இந்த வகை ஏறக்குறைய 20 ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது.

1999ல் பெரிய பதிப்பகம் ஒன்றின் மூலம் வந்த சிஸ்டர் சோல்ஜாவின் 'த கோல்டஸ்ட் விண்டர் எவர்' இதைத் தட்டி எழுப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதே சமயத்தில் பதிப்பகங்களின் கதவு திறக்கும் என்று காத்திருக்காமல் பலர் தாமாகவே இறங்கிவிட்டார்கள். பிலடெல்பியாவில் வக்கீல் ஆபீசில் வேலை பார்த்த டெரி வுட்ஸ் 'ட்ரூ டு த கேம்' என்ற நாவலைத் தானே அச்சடித்துத் தெருவில் விற்றார். ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த விக்கி ஸ்ட்ரிங்கர் போதை மருந்து வழக்கில் சிறையில் இருந்தபோது ஒரு நாவல் எழுதினார். வெளியே வந்ததும் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். 26 இடங்களில் திரும்பி வந்தது. தானே அச்சடித்து விற்றார். அதோடு நிற்காமல் 'ட்ரிபிள் கிரௌன்' என்ற பதிப்பகத்தையும் தொடங்கினார். சிறைகளில் இருந்து கையால் எழுதிய பிரதிகள் அவருக்குத் தபாலில் வந்தன. அவற்றை யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாக டைப் செய்தாக வேண்டும். பாராட்டே கிடைக்காத இந்த டைப்பிங் வேலை இல்லாவிட்டால் பல நாவல்கள் வெளியே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

இங்கே கம்ப்யூட்டர் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1985ல் பேஜ்மேக்கர் சாப்ட்வேரும் லேசர் பிரிண்டரும் சேர்ந்து வந்தபோது டி.டி.பி. தொழில் பிறந்தது. அச்சுக் கோப்பதற்கு என்று தனியாகப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. ஒரு வீட்டு அறையில் உட்கார்ந்து முழு நாவலையும் பக்கம் பிரித்து அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஆப்செட் அச்சில் பிளேட் போடுவதற்கும் மெஷினைத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு 100 பிரதி அடித்தாலும் அதேதான், 5000 பிரதி அடித்தாலும் அதேதான். எனவே ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை குறையும். அடித்த பிறகு வீடு முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்க வேண்டும்.

அடுத்தது கடைக் கணக்கு. அமெரிக்காவில் ஒரு நாவல் 15 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநியோகஸ்தருக்கும் கடைக்கும் சேர்த்து 55 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்க வேண்டும். 8 டாலர் 25 சென்ட் போய்விடும். மிச்சம் 6 டாலர் 75 சென்ட். அதில் அச்சுச் செலவு போக வேண்டும். விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அதையும் பதிப்பாளர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். டிக்கியைத் திறந்து கையில் கொடுத்தால் முழு 15 டாலரும் அன்றைக்கே கையில் ரொக்கம். அதனால்தான் இவர்கள் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125ஆம் தெருவின் நடைபாதை மேஜைகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். இதைப் பலர் 'வேறு வழியில்லாமல் செய்தது' என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது நல்ல வியாபாரக் கணக்கு.

இப்போது கம்ப்யூட்டரின் இரண்டாவது வேஷத்துக்கு வருவோம். 2001ல் அமெரிக்காவில் 'புக்ஸ்கேன்' என்ற சேவை தொடங்கியது. கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களில் இருந்து எந்தப் புத்தகம் எத்தனை பிரதி விற்றது என்ற தகவலை வாராவாரம் சேகரித்துத் தரும். பதிப்பகங்கள் இதைப் பார்த்துத்தான் எந்த எழுத்தாளருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யத் தொடங்கின. நல்ல விஷயம்தான். ஆனால் பார்கோடு ஸ்கேன் ஆகாத விற்பனை இதில் வராது. அழகு நிலையத்தில் விற்றது வராது. நடைபாதை மேஜையில் விற்றது வராது. கார் டிக்கியில் விற்றது வராது. 'கறுப்பர்கள் புத்தகம் வாங்க மாட்டார்கள்' என்று பதிப்புத் துறையில் பல காலமாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்குக் கம்ப்யூட்டர் ஆதாரமும் கிடைத்துவிட்டது போல ஆகிவிட்டது! லட்சக்கணக்கான வாசகர்கள் இருக்கிறார்கள், திரையில் மட்டும் பூஜ்யம் தெரிகிறது. எக்செல் ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே தகவல் இல்லை என்று பொருள். ஆள் இல்லை என்று பொருள் கிடையாது. கம்ப்யூட்டர் காட்டும் எண் என்றாலே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

நூலகர்கள் இந்த வாசகர்களை முன்பே பார்த்துவிட்டார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி நூலகத்தில் இந்த நாவல்கள் அலமாரியில் தங்குவதே இல்லை என்ற நிலை வந்தது. பிலடெல்பியாவில் நூலகராக இருந்த வனெசா இர்வின் மாரிஸ் இந்த வகை நாவல்களை வாசகர்களுக்குப் பரிந்துரைப்பது எப்படி என்று 2011ல் ஒரு வழிகாட்டி நூலே எழுதினார்.

எதிர்ப்பும் இருந்தது. அதுவும் வெளியில் இருந்து மட்டும் வரவில்லை. கறுப்பின எழுத்தாளரான நிக் சைல்ஸ் 2006 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பின இலக்கியம் என்று போர்டு மாட்டிய அலமாரி முழுக்க அரைகுறை ஆடை அட்டைகள், தீவிரமான எழுத்துகளுக்கு இடமே இல்லை என்பது அவர் வருத்தம். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் குற்றவாளியைத் தவறாகப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். டோனி மாரிசனையும் தெரு நாவலையும் எழுதியவர்களின் நிறத்தைப் பார்த்து ஒரே அலமாரியில் வைத்தது கடைக்காரர் செய்த வேலை. வெள்ளையர் எழுதும் துப்பறியும் நாவலை யாரும் ஹெமிங்வே பக்கத்தில் வைத்துவிட்டு இலக்கியம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லையே!

ஆனால் ஒரு குறையை மறைக்கக் கூடாது. இந்த நாவல்களில் பல அவசரமாக வந்தவை. எழுத்துப் பிழைகள், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், நடுவில் மாறும் காலம் எல்லாம் உண்டு. ஸ்பெல் செக்கர் ஓட்டிவிட்டால் பிழை திருத்தியாகிவிட்டது என்று நினைப்பதுதான் காரணம். ஸ்பெல் செக்கருக்கு அகராதிதான் தெரியும், உங்கள் கதை தெரியாது. சரியான எழுத்தில் இருக்கும் தவறான சொல்லை அது கண்டுகொள்ளாது. பிழை திருத்த ஒரு மனிதருக்குப் பணம் கொடுப்பது, புதிய மானிட்டர் வாங்குவதை விட அவசியமான செலவு.

அச்சுச் செலவுப் பிரச்னைக்கு முன்கூட்டியே விடை கண்டவர் என்று நான் மதிப்பது பால்டிமோர் நகரின் பால் கோட்ஸ். மறந்துபோன கறுப்பின நூல்களை மறுபதிப்பு செய்வதற்காக 1978ல் 'பிளாக் கிளாசிக் பிரஸ்' நிறுவனத்தைத் தொடங்கியவர். இவர் தெரு நாவல் பக்கம் போனவர் கிடையாது. ஆனால் 1995லேயே டிஜிட்டல் அச்சு நிறுவனம் ஒன்றையும் சேர்த்து ஆரம்பித்தார். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. பைலில் இருந்து நேராகத் தாளுக்குப் போகும். 50 பிரதி வேண்டுமானால் 50 மட்டும் அடிக்கலாம். பெட்டி அடுக்க வேண்டாம். புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியர் வால்டர் மோஸ்லி, பெரிய பதிப்பகங்கள் காத்திருக்கும்போதே, 1997ல் தன் 'கான் பிஷிங்' நாவலை இந்தச் சிறு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். சிறு பதிப்பகங்களாலும் நடத்திக் காட்ட முடியும் என்று நிரூபிப்பதற்காகவே அதைச் செய்தார்.

பிறகு 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. 2010 முதல், 2.99 டாலரில் இருந்து 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவீதம் எழுத்தாளருக்கு என்றார்கள். அர்பன் பிக்ஷன் எழுத்தாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அச்சகம் வேண்டாம், டிக்கி வேண்டாம். ஒரு கதையை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று பிரித்து அடுத்தடுத்து வெளியிட்டார்கள். 2014ல் மாதச் சந்தா கட்டி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற திட்டம் வந்தது. 2015 முதல் அதில் படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம். ஒரு பக்கத்துக்கு அரை சென்ட் கூட வராது. 300 பக்க நாவலை ஒருவர் முழுக்கப் படித்தால் சுமார் ஒன்றேகால் டாலர் கிடைக்கும். சேரும்போது அந்த மின்நூலை வேறு எங்கும் விற்க மாட்டேன் என்று 90 நாட்களுக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

இதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 26 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியபோது 27ஆவது வழி ஒன்று இருந்தது. ஒரே கடையை நம்பி எழுதுகிறவருக்கு அந்தக் கடையே விதியை மாற்றினால் எங்கே போவது? அதைவிட முக்கியம், டிக்கியில் விற்றவருக்குத் தன் வாசகர் யார், எந்த அழகு நிலையம், அடுத்த புத்தகத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரியும். கிண்டிலில் வாங்கியவரின் பெயரும் முகவரியும் கடைக்குத்தான் தெரியும், எழுத்தாளருக்குத் தெரியாது. கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்களையும் ஏற்கிறார்கள் என்பதால் உங்களில் சிலர் இதே வழியில் போகக்கூடும். போங்கள், தவறில்லை. ஆனால் மூல பைலைப் பத்திரமாக இரண்டு இடங்களில் வையுங்கள். வாசகர்களின் இமெயில் முகவரிகளை அவர்கள் சம்மதத்தோடு முதல் நாளில் இருந்தே ஒரு பைலில் சேர்த்து வாருங்கள்.

சிறையில் இருக்கும் வாசகர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இந்த நாவல்கள் பல பிறந்த இடமே அதுதான், இவற்றை விரும்பிப் படிப்பவர்களில் பலர் இருக்கும் இடமும் அதுதான். கெட்டி அட்டைப் புத்தகத்தைப் பல சிறைகளில் அனுமதிப்பதில்லை. அதனால் பேப்பர்பேக் தபாலில் போகும். 2019ல் மேற்கு வர்ஜீனியா மாநிலச் சிறைகளில் கைதிகளுக்கு டேப்லட் கொடுத்தார்கள். டேப்லட் இலவசம். ஆனால் படிப்பதற்குச் சலுகைக் கட்டணமாக அப்போது நிமிடத்துக்கு 3 சென்ட் வைத்தார்கள். இன்டர்நெட்டில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்களுக்கும் அப்போது இதே கட்டணம்தான் இருந்தது. ஒரு நாவலைப் படிக்க 8 மணி நேரம் ஆகும் என்றால் 14 டாலர் 40 சென்ட். அப்போது அங்கே கைதிக்கு ஒரு மணி நேரக் கூலி 4 சென்டில் இருந்து 58 சென்ட் வரை இருந்தது. கிட்டத்தட்ட இதே விலைக்குப் பேப்பர்பேக் ஒன்றை வரவழைத்தால், படித்து முடித்துவிட்டு அடுத்த அறைக்காரருக்குக் கொடுக்கலாம்.